முதலில் கழிப்பறையைப் படம் எடுங்கள்

(உளுந்தூர்பேட்டையில் சிறு வணிகர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சமூக ஊடகத்தில் உங்கள் தொழில்: முதல் பார்வையிலேயே நல்ல பெயர் எடுப்பது எப்படி' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நானும் அச்சகம் நடத்தியவன். நோட்டீஸைக் கையில் கொடுத்தால் தாளையும் எழுத்தையும் பார்த்த பிறகுதான் விஷயத்தைப் படிப்பேன். தாள் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் லோகோ, கலர், ரீல்ஸ், ஹேஷ்டேக் என்று ஆரம்பிப்பது வழக்கம். நான் கழிப்பறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ காரில் போகும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தாண்டி, திருச்சி ரோடும் சேலம் ரோடும் பிரியும் இந்த இடத்துக்கு வந்து சேரும்போது வண்டிக்குள் இரண்டு தேவைகள் முற்றியிருக்கும். ஒன்று பசி. இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது பக்கத்து சீட்டில் போனை வைத்திருக்கும் அந்த அம்மா. கூகுள் மேப்பில் ஹோட்டல் என்று தட்டுகிறார். ஏழெட்டுப் பெயர் வருகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

நீங்கள் என்ன போட்டோ போட்டிருக்கிறீர்கள்? நெய் ரோஸ்ட். வாழை இலையில் முழுச் சாப்பாடு. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படம். அதில் ரிப்பன் தெரியாது, சுற்றி நிற்கும் முப்பது தலை தெரியும். அந்த அம்மா தோசையைத் தேடவில்லை. கூட வரும் மாமியாருக்கு முழங்கால் வலி, கடைக்குட்டிக்கு நாலு வயது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருமா, வெஸ்டர்ன் இருக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா, இதுதான் அவருடைய கவலை. இதற்கெல்லாம் நீங்கள் போட்ட படம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு யாரோ போட்ட படம் ஒன்று இருக்கிறது. எப்போதோ வந்த ஒருவர் வயிற்றெரிச்சலில் எடுத்துப் போட்டது. அது அங்கே இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அந்த அம்மா பார்த்துவிட்டார். வண்டி நிற்காமல் போய்விட்டது.

அந்த வண்டி வந்ததும் உங்களுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. கடைக்குள் வந்து முகம் சுளித்துத் திரும்புகிறவரையாவது 'என்னம்மா, என்ன வேணும்' என்று கூப்பிட்டுக் கேட்கலாம். போனில் பார்த்துவிட்டுப் போனவரை எங்கே போய்க் கேட்பது?

இந்த ரோட்டில் ஓட்டல் நடத்துகிறவருக்குக் கூடுதல் சுமை ஒன்று உண்டு. பஸ் நிற்கும் மோட்டல்களைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே புலம்பியிருக்கிறது. டிரைவர் கண்டக்டருக்கு உள்ளே தனிப் பந்தி, பயணிக்கு ஆறிப்போன பரோட்டா, அதற்கும் தலையில் அடித்த மாதிரி விலை. உங்களுக்கும் அந்தப் புலம்பலுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வருகிறவர் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறார். அதைத் தீர்க்காமல் நெய் ரோஸ்ட்டை எவ்வளவு பளபளப்பாகக் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை. கழிப்பறையைக் கழுவுங்கள், விளக்கைப் போடுங்கள், படம் எடுங்கள். வரிசை முக்கியம், கழுவாமல் எடுத்துவிடப் போகிறீர்கள். விலைப் பட்டியலையும் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வண்டி நிற்கும்.

முதல் பார்வையைப் பற்றி விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பேச்சாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவரை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். பேச்சாளர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதன் மீதிப் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. பார்க்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை. தன் முடிவு சரிதான் என்ற உறுதி மட்டும் கூடியது. முதலில் தவறாக நினைத்துவிட்டால், பிறகு பார்க்கப் பார்க்க அந்தத் தவறே கெட்டிப்படும் என்று அர்த்தம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் முகப்புப் படத்தை மாற்றிவிடுவோம்' என்று டிசைனரிடம் ஓடாதீர்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எதுவும் வாங்க வேண்டிய தேவை இல்லை. முகத்தைப் பார்த்தார்கள், பட்டனை அழுத்தினார்கள். உங்கள் பக்கத்தைத் திறப்பவர் ஒரு கேள்வியோடு வருகிறார். கடை திறந்திருக்கிறதா, என்ன விலை, இந்த ஆளை நம்பிப் பணம் அனுப்பலாமா. அந்தக் கேள்விக்கு முதல் திரையிலேயே பதில் இருந்தால் அதுதான் நல்ல முதல் பார்வை. அழகு அதற்குப் பிறகு வந்தால் போதும். இன்று நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு உதாரணம்.

வாட்ஸப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பாதிப் பேருக்கு மேல் வாட்ஸப் பிசினஸ் வைத்திருப்பீர்கள். அது 2018 ஜனவரியில் வந்தது. அடுத்த ஆண்டே பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதியும் சேர்ந்தது. இந்தப் பக்கம் மணிலாக்கொட்டையும் எள்ளும் விளைகிற ஊர். செக்கெண்ணெய் ஆட்டி வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். தாம்பரத்தில் இருக்கும் ஓர் அம்மா உங்கள் நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுகிறார்: 'நல்லெண்ணெய் லிட்டர் என்ன விலைங்க?' உடனே உங்கள் போன் தானாகவே ஒரு பதில் அனுப்புகிறது. எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, எப்படி உதவலாம் என்று தெரிவியுங்கள் என்று, கம்பெனிக்காரன் எழுதிவைத்த இங்கிலீஷில். அவர்தான் தெரிவித்துவிட்டாரே! லிட்டர் என்ன விலை என்று தமிழில் தெளிவாகக் கேட்டாகிவிட்டது. அதன்பிறகு சாயங்காலம் வரை சத்தமே இல்லை. ராத்திரி கடையைச் சாத்திய பிறகு நீங்கள் விலையை அனுப்புகிறீர்கள். அதற்குள் அவர் தெருமுனைக் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கித் தாளித்தே முடித்திருப்பார்.

அந்த வரவேற்புச் செய்தியை நீங்களே மாற்றி எழுதலாம். புதிதாக மெசேஜ் போடுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப வருகிறவருக்கும் அது தானாகப் போகும். அதில் எழுதுங்கள்: 'வணக்கம். இன்றைய விலை: நல்லெண்ணெய் இவ்வளவு, கடலை எண்ணெய் இவ்வளவு, தேங்காயெண்ணெய் இவ்வளவு. பார்சல் செலவு தனி. காலையில் செக்கு ஓடும்போது போன் எடுக்க முடியாது, மதியத்துக்கு மேல் நாங்களே கூப்பிடுகிறோம்.' செக்கு ஓடுவதால் போன் எடுக்க முடியாது என்று சொல்கிற ஆளிடம் எண்ணெய் வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றும். எந்த டிசைனராலும் அந்த வரியை உங்களுக்கு எழுதித் தர முடியாது. விலை மாறும்போதெல்லாம் செய்தியையும் மாற்ற வேண்டும், அது ஒரு வேலைதான். பழைய விலையை விட்டுவைத்தால், போடாமல் இருந்ததைவிட மோசம்.

விலை என்றதும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புடவை போட்டோ போடுகிறோம், கீழே ஒருவர் 'விலை?' என்று கேட்கிறார், நாம் 'இன்பாக்ஸ் பாருங்க சிஸ்டர்' என்கிறோம். ஏன்? பக்கத்துக் கடைக்காரனுக்கு விலை தெரிந்துவிடுமாம். பக்கத்துக் கடைக்காரன் வேறொரு பெயரில் வந்து உங்கள் இன்பாக்ஸில் முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டான், கவலைப்படாதீர்கள். தெரியாமல் போவது வாங்க வந்தவருக்குத்தான். ஆளைப் பார்த்து விலை சொல்கிற கடை என்று அவர் நினைத்துக்கொள்வார். பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்கள், அதிலும் முக்கியமாகப் பெண்கள், கேட்காமலே போய்விடுவார்கள்.

உணவுப் பொருள் விற்கிறவர்கள் விலையைப் போலவே எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணையும் போடுவதில்லை. பதினான்கு இலக்கம். 2022 ஜனவரி முதல் பில்லிலேயே அது இருக்க வேண்டும் என்பது விதி. டப்பா லேபிளில் அச்சடித்திருப்பீர்கள், இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்காது. பக்கத்தின் முகப்பில் ஊர்ப் பெயருக்குக் கீழே அதை ஒரு வரியாகப் போடுங்கள். பணம் அனுப்பலாமா என்று தயங்கும் ஆளுக்கு, 'நூறு சதவீதம் இயற்கை' என்று பச்சை எழுத்தில் போடுவதைவிட அந்தப் பதினான்கு இலக்கம் தைரியம் கொடுக்கும். கல்வராயன் மலைத் தேனும் புளியும் சிறுதானியமும் விற்கும் குழு அம்மாக்களுக்கும் இதையே சொல்கிறேன். மலைத்தேன் என்று எழுதாத தேன் கடை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? எந்த ஊர்த் தேன், எந்த மாதம் எடுத்தது, யார் வடிகட்டினார்கள் என்று எழுதுங்கள். வடிகட்டுகிற கையைக் காட்டுங்கள்.

கையைக் காட்டுவது என்றதும் மரச் சிற்பம் ஞாபகம் வருகிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டத்தின் பெயர் இந்தியா முழுக்கப் போவதற்கு நல்ல காரணம் ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் சிற்பிகள் போனில் போடும் படங்களைப் பாருங்கள். ஒரு பிள்ளையார். பின்னால் சிவப்புத் துணி. மேலே சாமி படத்துக்குப் போடுகிற மாதிரி ஒளிவட்டம், அது போன் ஆப்பில் சேர்த்தது. பிள்ளையார் ஆறு அங்குலமா, மூன்றடியா? தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் வைக்கலாமா, வாசலில்தான் வைக்க முடியுமா? தெரியாது. ஒரே மரத்தில் குடைந்ததா, கை தனியாக ஒட்டியதா? தெரியாது. வார்னிஷ் பூசிய பளபளப்பில் அது மரமா ஃபைபரா என்றுகூடச் சந்தேகம் வருகிறது. மாதக்கணக்கில் செய்த வேலையைத் துணியும் ஒளிவட்டமும் சேர்ந்து அச்சில் வார்த்த பொம்மையாக்கிவிடுகின்றன.

அதே பிள்ளையாரைப் பட்டறைத் தரையில், செதுக்கிய சிராய்கள் சுற்றிக் கிடக்க, பக்கத்தில் உளியும் கொட்டாப்புளியும் இருக்க, சிற்பியின் கை அதன் தோளில் இருக்க எடுங்கள். அளவு தானாகத் தெரியும். தும்பிக்கை முடிந்து தொந்தி முடியாத நிலையில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தை யாரும் காட்டுவதே இல்லை. நல்ல வேலைக்காரனை முதுகைப் பார்த்தால்தான் தெரியும் என்று மர வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். எந்த மரம், எத்தனை கிலோ, எத்தனை நாளில் அனுப்புவீர்கள், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு. உடைந்தால் என்ன என்பதை முதலிலேயே சொல்வது அபசகுனம் இல்லை. தூரத்தில் இருந்து வாங்குகிறவர் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி அதுதான்.

பொருளையே முன்னால் நீட்டுவது புது வித்தை அல்ல. நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியபோது கச்சேரிகளுக்கு வந்தவர்களிடம் அதை இலவசமாகக் கொடுத்தார் என்பது தெரிந்த கதை. கச்சேரி முடிய நேரமாகும், தலைவலி வரும், தைலம் கையில் இருக்கும். விளம்பரத்தைப் படித்து நம்ப வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

சில சமயம் நாம் எதுவும் செய்யாமலே நம்மைப் பற்றிய முதல் பார்வை உருவாகிவிடும். கோயம்புத்தூர் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டிக்கு எந்தப் பக்கமும் கிடையாது, எந்த ஊடக மேலாளரும் கிடையாது. விறகடுப்பில் இட்லி சுடும் அவரை 2019-ல் யாரோ படமெடுத்துப் போட, நாடே பார்த்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பகிர்ந்து, கேஸ் அடுப்பு வாங்கித் தருவதாகச் சொன்னார். பிறகு வீடும் கட்டிக் கொடுத்தார்கள். இதைக் கேட்டு நாளைக்கே ஒரு ரூபாய்க்கு இட்லி போட வேண்டாம். பாட்டி அதைப் பார்வைக்காகச் செய்யவில்லை, பல வருடமாகச் செய்துகொண்டிருந்தார். யார் எப்போது போனைத் தூக்கினாலும் கடை ஒரே மாதிரி இருந்தது, அவ்வளவுதான். உங்கள் கடையிலும் எல்லா மேஜையிலும் ஒருவர் போனை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது ரிவ்யூ. சிலர் மச்சான், மைத்துனன், வேலைக்காரப் பையன்கள் எல்லோரையும் வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைக்கிறீர்கள். எல்லாம் ஒரே வாரத்தில், எல்லாம் 'சூப்பர்', 'குட்', 'நைஸ் சர்வீஸ்'. படிக்கிறவருக்குத் தெரியாதா? ரிவ்யூ போட்டால் ஒரு காபி இலவசம் என்பதைக் கூகுளின் விதி அனுமதிப்பதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்தவே 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அதைவிட முக்கியம், நல்ல ரிவ்யூக்களை ஜனங்கள் வேகமாகத் தள்ளிவிட்டு ஒரு நட்சத்திர ரிவ்யூவை நிறுத்திப் படிக்கிறார்கள். அதற்குக் கீழே முதலாளி என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பார்க்கிறார்கள்.

அங்கேதான் பலர் கவிழ்கிறீர்கள். 'சாம்பார் ஆறிப்போயிருந்தது, சப்ளையர் கண்டுகொள்ளவே இல்லை' என்று ஒருவர் எழுதுகிறார். பதில் இப்படி வருகிறது: 'நீங்க எங்க கடைக்கு வந்த மாதிரியே தெரியலையே. போட்டிக்காரன் சொல்லி எழுதுறீங்களா? முப்பது வருஷமா கடை நடத்துறோம்.' உங்கள் ஆத்திரம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை அவர் படிக்கப் போவதில்லை, எழுதியதோடு மறந்துவிட்டார். படிக்கப் போவது இனிமேல் வரப்போகிறவர்கள். தங்களுக்கும் ஏதாவது குறை வந்தால் இந்த முதலாளி தங்களிடமும் இப்படித்தான் பேசுவார் என்று தெரிந்துகொள்கிறார்கள். 'நீங்கள் வந்த நேரம் கூட்டம், சூடுபண்ணாமல் பரிமாறியது எங்கள் தப்பு. சாம்பாரை இப்போது அடுப்பிலேயே வைத்துப் பரிமாறுகிறோம். அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் கல்லாவில் சொல்லுங்கள்.' மூன்று வரி. உண்மையிலேயே அடுப்பில் வைத்த பிறகு எழுதுங்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. தைவானின் பௌ சென் குழுமம் நம் சிப்காட் தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக் காலம்தான் சொல்லும். அதில் பாதிப் பேர் வந்தாலும் இந்த ஊர் இதுவரை பார்க்காத கூட்டம். நம் கடைத்தெருவில் யார் நல்லவர், யார் அளவில் கைவைப்பவர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லேடீஸ் ஹாஸ்டல், டிபன் கடை, டெய்லர், பல் டாக்டர், செல்போன் ரிப்பேர் எல்லாவற்றையும் போனில்தான் தேடுவார்கள். இத்தனை நாள் வெளியூர்க்காரருக்கு உளுந்தூர்பேட்டை என்றால் டோல்கேட், மோட்டல், சித்திரையில் கூவாகம் திருவிழா, அத்தோடு சரி. தங்க வருகிறவர்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் போட்டு வைக்க வேண்டும்.

ஆனால் நிலைமை என்ன? கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2019 நவம்பரிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் பல கடைகளின் பக்கத்தில் விழுப்புரம் மாவட்டம் என்றே விலாசம். தீபாவளித் தள்ளுபடி பேனர் ஆடி வரை தொங்குகிறது. 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று போட்ட மருந்துக் கடை ராத்திரி பத்துக்கே ஷட்டரை இறக்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடுராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஷட்டர் முன்னால் வந்து நிற்பவர், பிறகு நீங்கள் என்ன போட்டாலும் நம்ப மாட்டார். உங்கள் ரீல்ஸை லட்சம் பேர் பார்த்தாலும் சரி.

பேசியது போதும், இப்போது ஒரு வேலை. எல்லோரும் போனை எடுங்கள். உங்கள் போன் வேண்டாம். அதில் நீங்கள் அடிக்கடி பார்ப்பதால் உங்கள் கடைதான் முதலில் வரும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்து அவர் போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடாதீர்கள், வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. உங்கள் தொழிலையும் உளுந்தூர்பேட்டையையும் மட்டும் தட்டுங்கள். வரவில்லை என்றால் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வந்தால், நீங்கள் போடாத படம் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கொடுத்திருக்கும் நம்பருக்கு இங்கிருந்தே ஒரு போன் போடுங்கள், கடையில் யார் எடுக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். நான் இங்கேதான் இருக்கிறேன், ஒவ்வொருவராக வந்து காட்டுங்கள்.